வீட்டில் இல்லாத பிள்ளை

சுமித்திராவின் கைகள் அப்பாவின் காலில் இருந்தன. முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் மட்டும் மிஞ்சிய இடது கால் அது. பொய்க்காலின் விளிம்பு உரசி, நுனியில் ஒரு குற்றிக்காசு அளவுக்குத் தோல் உரிந்திருந்தது. கொதிக்கவைத்து ஆறிய உப்புத்தண்ணீரால் துடைத்தாள். ஈரத்தை ஒற்றி எடுத்தாள். மருந்துத் துணியை வைத்து, இழுபடும் கட்டுத்துணியை எட்டுப்போலக் குறுக்கும் மறுக்குமாகச் சுற்றத் தொடங்கினாள். நுனியில் இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு. மாற்றிச் சுற்றினால் நுனி வீங்கிவிடும். ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு தடவைதான் காட்டிக்கொடுத்தார்கள். பதினான்கு வயதிலிருந்து அவள்தான் சுற்றுகிறாள், ஒருநாளும் சுற்று பிழைத்ததில்லை.

அன்று பிழைத்தது. பாதியில் அவிழ்த்து மறுபடி தொடங்கினாள்.

"கை ஏன் நடுங்குது?" என்றார் பரமேஸ்வரன்.

"நடுங்கலப்பா."

"நடுங்குது. இருக்கிற காலுக்குத் தெரியுதோ என்னவோ, இல்லாத காலுக்கே தெரியுது."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். அப்பா தன் காலைப் பற்றிப் பகிடி விடுவது அவளுக்குப் பிடிக்கும். அன்று தலையை நிமிர்த்தாமல் கட்டின் முனையில் ஊசியைக் குத்தி முடித்தாள்.

அம்மா அமராவதி குசினியிலிருந்து கைத்தொலைபேசியைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "டீச்சர் பேசுனாங்க. நாளைக்கு வாராங்களாம். மகளையும் கூட்டிக்கிட்டு வாராங்களாம். திங்கக்கிழமை காலையில விதானையார்கிட்ட ஒண்ணாவே போயிரலாமுன்னு சொன்னாங்க."

"ரெண்டு புள்ளைங்க கடிதமும் ஒரே நாளையில முடிஞ்சிரும்," என்றார் பரமேஸ்வரன்.

சுமித்திரா உப்புத்தண்ணீர்ச் சட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். பல்கலைக்கழக விண்ணப்பம் வருகிற வெள்ளிக்கிழமை முடிகிறது; பிள்ளை இந்த ஊரில்தான் இருக்கிறது என்று கிராம அலுவலரான விதானையார் தரும் கடிதமும் அதோடு போகவேண்டும். இந்த வீட்டு விலாசத்திலிருந்து இரண்டு பிள்ளைகள் விண்ணப்பிக்கப் போகிறார்கள். அதில் ஒரு பிள்ளை இந்த வீட்டில் ஒருநாள்கூடப் படுத்து எழும்பியதில்லை.

பத்மாசனி ரீச்சர் யாழ்ப்பாணத்தவர். வன்னியில் சில வருடம் படிப்பிக்க வேண்டும் என்று மாற்றம் கொடுத்தபோது, ஜெயபுரத்துக்கு அப்பால் இருந்த ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அமராவதி அங்கே பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு சமைப்பவள். மன்னாரிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பேருந்து பிந்தும் நாட்களில் ரீச்சர் சந்தியில் வெயிலில் நிற்பார். ஒருநாள் அமராவதி தயங்கித் தயங்கி வீட்டுக்குக் கூப்பிட்டாள். ரீச்சர் வந்தார். கதிரையில் இருந்தார். கொடுத்த கோப்பையில் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

இதில் என்ன இருக்கிறது என்று வெளியூரில் இருப்பவர்கள் நினைக்கலாம். பரமேஸ்வரனும் அமராவதியும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்தவர்களின் பிள்ளைகள். காடு வெட்டிக் காணி ஆக்கி, நாலு தடவை இடம்பெயர்ந்து, திரும்பி வந்து அதே காணியில் கச்சான் கடலை போடுகிறவர்கள். ஆனாலும் அந்த வீட்டுக்கு வந்த உத்தியோகத்தர்களில் முக்கால்வாசிப் பேர் "இப்பதான் குடிச்சிட்டு வாறன், வேண்டாம்" என்று சொல்லிப் பழகியவர்கள். கைப்பையில் தண்ணீர்ப் போத்தல் இருக்கும். ரீச்சர் அந்த வீட்டில் இரண்டாவது கோப்பை கேட்டவர். அமராவதி அதை மறக்கிற ஆள் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு, சுமித்திரா சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த நேரம், ரீச்சர் கேட்டார்.

"அமராவதி, என்ர மகளின்ர பேரை உங்கட வீட்டுப் பதிவில போடுவமோ? ஒரு கடிதம்தான். உங்களோட தங்கிப் படிக்கிறா எண்டு."

விசயம் இதுதான். வைத்தியம் படிக்கப் போக யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு வேண்டிய புள்ளி கூடுதல். கிளிநொச்சி மாவட்டத்துப் பிள்ளைக்குக் கொஞ்சம் குறைந்தாலும் போதும். யுத்தத்தில் அடிபட்ட இடம், ஆசிரியர் இல்லாத இடம் என்று ஒதுக்கி வைத்த இடங்கள் அவை. ரீச்சரின் மகள் சுதர்சினியின் பெயரைக் கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதிந்தார்கள். படிப்பு முழுக்க யாழ்ப்பாணத்தில், நல்ல ரியூசன்களில். அமராவதி கையெழுத்துப் போட்டாள். காணி அனுமதிப்பத்திரம் அவள் பெயரில் இருந்தபடியால் அவள் கையெழுத்துத்தான் வேண்டியிருந்தது.

ரீச்சர் நன்றி மறக்கிறவரும் இல்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மன்னார் பேருந்தின் நடத்துநர் ஜெயபுரம் சந்தியில் ஒரு மஞ்சள் பையை இறக்கிக் கொடுப்பார். உள்ளே சுதர்சினியின் ரியூசன் நோட்ஸ், புகைப்படப் பிரதியில். இரசாயனவியல், உயிரியல், பௌதிகம், மாதிரி வினாத்தாள், அதற்கு விடை. மூன்று வருடத்தில் ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தப்பவில்லை.

"இது உமக்கு மட்டும், சுமித்திரா," என்று ரீச்சர் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். "வேற ஒருத்தருக்கும் காட்டவேண்டாம். எங்கயிருந்து வந்தது எண்டு கதை கிளம்பும்."

அப்போது சுமித்திராவுக்குப் பதினாறு வயது. அந்தக் கடிதம் என்னவென்று அவளுக்குத் தெரியும். தெரியாமல் இருந்தேன் என்று பிறகு ஒருநாளும் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதில்லை.

வகுப்புத் தோழி கஜேந்தினியின் வீடு மூன்று காணி தள்ளி இருந்தது. இரண்டு பேரும் விடியவே ஒரே பேருந்தில், ஒரே இருக்கையில், பூநகரி சுற்றிப் பரந்தனில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பேருந்து பிடித்துப் பள்ளிக்கூடம் போவார்கள். போக இரண்டு மணித்தியாலம், வர இரண்டு மணித்தியாலம். ஆடுகிற பேருந்தில் ஒருத்தி புத்தகத்தைப் பிடிக்க மற்றவள் வாசிப்பாள். உயர்தர வகுப்பின் இரண்டாம் வருடத்தில் இரசாயனவியல் ஆசிரியருக்கு மாற்றம் வந்தது. எட்டு மாதம் அந்தப் பாடத்துக்கு ஆள் வரவில்லை.

"உனக்கு மட்டும் கெமிஸ்ரி எப்பிடியடி ஏறுது?" என்று ஒருநாள் கஜேந்தினி கேட்டாள். "எனக்கு ஒரு மண்ணும் விளங்கேல்ல."

"மாமா ஒராள் பழைய புத்தகம் தந்தவர்."

"கொண்டு வாவன் பாப்பம்."

"திருப்பிக் கேட்டு வாங்கிட்டார்."

பௌதிக நோட்ஸைக் கையால் எழுதிப் படியெடுத்து, தன்னுடையது என்று கஜேந்தினிக்குக் கொடுத்தாள். மனத்தை ஆற்றச் செய்த வேலை அது. இரசாயனவியலைக் கொடுக்கவில்லை. அது நெல் மூட்டைகளுக்குப் பின்னால் நாலு கட்டாக இருந்தது. கொடுத்தால் கதை கிளம்பும் என்பது ஒரு காரணம். அதைவிட இன்னொரு காரணமும் இருந்தது. மாவட்டத்தில் இடங்கள் கொஞ்சம், கஜேந்தினி கெட்டிக்காரி. இந்த இரண்டாவது காரணத்தைச் சுமித்திரா பேருந்தில் அவள் தோளில் சாய்ந்து தூங்கிய நாட்களிலும் அறிந்தே இருந்தாள்.

பரீட்சையில், சேதன இரசாயனத்தில் ஒரு பெரிய கேள்வி நோட்ஸில் இருந்ததுபோலவே வந்தது. மண்டபத்தை விட்டு வெளியே வந்த கஜேந்தினி, "அந்த மாற்றம் எழுதுற கேள்வியை ஒருத்தராவது செய்திருப்பினமோ?" என்று கேட்டாள்.

"நானும் விட்டிட்டன்," என்றாள் சுமித்திரா.

பெறுபேற்றில் சுமித்திரா மாவட்டத்தில் எட்டாவது. கஜேந்தினி ஒன்பதாவது.

கட்டு பிழைத்த அந்தச் சனிக்கிழமை காலையில்தான் இருவரும் பரந்தன் சந்தியில் உள்ள கொமினிக்கேசன் கடைக்கு விண்ணப்பம் நிரப்பப் போயிருந்தார்கள். கடைக்காரப் பெண் கணினியில் தட்ட, இருவரும் ஒரு வாங்குப் பலகையில் நெருக்கிக்கொண்டு கையேட்டை மடியில் விரித்து, எந்தப் படிப்பை எத்தனையாவதாகப் போடுவது என்று பார்த்தார்கள். ஒருமுறை அனுப்பினால் வரிசையை மாற்ற ஏலாது என்று கடைக்காரப் பெண் மூன்று தடவை சொன்னாள்.

"எட்டாவது நீ, ஒன்பதாவது நான்," என்றாள் கஜேந்தினி. "போன முறை மருத்துவத்துக்கு எட்டுப் பேரைத்தான் எடுத்தவை எண்டு சேர் சொன்னவர். எனக்கு முன்னால உன்ர தலைதான் மறைக்குது. கொஞ்சம் குனியடி."

"போடி."

"பகிடிக்குச் சொன்னனான். நீயாவது போ. ஆனா அந்த நாலாவது ஆள் ஆரெண்டுதான் எனக்குத் தெரிய வேணும். மிச்ச ஆக்கள் எல்லாரையும் எங்களுக்குத் தெரியும். இவ ஒரு செமினாருக்கும் வரேல்ல. அவவின்ர பள்ளிக்கூடத்துப் பிள்ளையளே அவவைக் கண்டதில்லையாம். விலாசம் எங்கட பக்கமாம்."

"எங்கட பக்கமோ?"

"ஓம். பூநகரிப் பக்கமாம். ஆரோ வீட்டுப் பேரில யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அந்த வீட்டுக்காரருக்கு வயித்தால போக. ஒரு கிழமை நிக்காமல் போக."

கடைக்காரப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். சுமித்திராவும் சிரித்தாள்.

"முதலாவது மருத்துவம்தான் போடுங்கோ அக்கா," என்றாள் கஜேந்தினி. "வராது. போடாட்டில் அப்பா கவலைப்படுவார். ரெண்டாவது தாதியியல்." பிறகு சுமித்திராவின் இடுப்பில் இடித்தாள். "நீ டொக்டர், நான் உனக்கு ஊசி எடுத்துத் தாறன். நல்லா ஏசு. கேட்டுக்கொண்டு நிப்பன்."

கடைக்காரப் பெண் அச்சிட்ட தாள்களை இரண்டு உறைகளில் போட்டுக் கொடுத்தாள். கஜேந்தினிக்குச் சேரவேண்டிய உறையைத்தான் சுமித்திரா முதலில் வாங்கி நீட்டினாள்.

ஞாயிறு பத்து மணிக்குப் பத்மாசனி ரீச்சரும் மகளும் முச்சக்கரவண்டியில் வந்து இறங்கினார்கள். கையில் திராட்சைப்பழம், பிஸ்கற் பெட்டி, பரமேஸ்வரனுக்கு இரண்டு புதுக் கட்டுத்துணிச் சுருள். ரீச்சர் எதையும் யோசித்துத்தான் வாங்குவார். நேரே குசினி வாசலுக்குப் போய், "எங்க அமராவதி என்ர தேத்தண்ணி?" என்றார். அமராவதியின் முகம் மலர்ந்தது.

சுதர்சினி மெலிந்த பிள்ளை. கண்ணாடி போட்டிருந்தாள். மூன்று வருடமாகத் தான் வசித்த வீட்டை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தாள். எங்கே இருப்பது என்று தெரியாமல் நடுவில் நின்றாள்.

"நோட்ஸ் எல்லாம் விளங்கினதோ?" என்று சுமித்திராவிடம் கேட்டாள். "என்ர எழுத்துக் கொஞ்சம் மோசம்."

"நல்லா விளங்கினது," என்றாள் சுமித்திரா. அந்த எழுத்து அவளுக்குத் தன் எழுத்தைவிடப் பழக்கம்.

ரீச்சர் தேத்தண்ணியைக் கையில் வைத்தபடி வேலையைத் தொடங்கினார். "விதானையார் புது ஆள் எண்டு கேள்விப்பட்டன். சும்மா ரெண்டு கேள்வி கேட்டாலும் கேப்பார். பிள்ளை, வீட்டை ஒருக்காச் சுத்திப் பாத்து வையும். கிணறு எங்க, ஆடு எத்தினை, ஐயாவுக்கு எந்தக் கால்."

"அம்மா," என்றாள் சுதர்சினி.

"என்ன அம்மா? கேட்டா முழிச்சுக்கொண்டு நிக்கப் போறீரே?"

பரமேஸ்வரன் தன் கட்டுப்போட்ட காலைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். "இடது, புள்ள. மறந்துறாத." ரீச்சர் சிரித்தார். சுதர்சினி சிரிக்கவில்லை, காதுவரை சிவந்தாள்.

சுமித்திரா அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனாள். ஆடு ஐந்து. கிணற்றுக்கு நாலு வளையம். சுதர்சினி எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு, "நீர் எத்தினையாவது?" என்று கேட்டாள்.

"எட்டாவது."

"அப்ப உமக்கு வரும்." அவள் முகத்தில் நிம்மதி தெரிந்தது. "எனக்கு அதுதான் யோசனையா இருந்தது."

"ஒன்பதாவது பிள்ளை அந்த வீடு," என்று சுமித்திரா கையை நீட்டினாள். மூன்று காணிக்கு அப்பால், கச்சான் காய்ந்துகொண்டிருந்த முற்றம் தெரிந்தது. "கஜேந்தினி. என்னோடதான் படிச்சவள். கெமிஸ்ரிக்கு எட்டு மாதம் ஆசிரியர் இல்லை."

சுதர்சினி அந்த முற்றத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இங்க இடம் நிரம்புறேல்ல எண்டு அம்மா சொன்னவா," என்றாள். "வெறுமனே போற இடம்தானே, ஒருத்தருக்கும் நட்டமில்லை எண்டு."

"போன முறை நிரம்பினது."

"எனக்குத் தெரியாது."

"இப்ப தெரியும்தானே."

சுதர்சினி கண்ணாடியைக் கழற்றிப் பாவாடை ஓரத்தில் துடைத்தாள். "நான் அம்மாவுக்குச் சொல்லிப் பாப்பன்," என்றாள். ஆனால் சொல்லமாட்டாள் என்று இருவருக்குமே தெரிந்தது. அவள் கெட்ட பிள்ளை இல்லை. மூன்று வருடம் ஒரு வெள்ளிக்கிழமை தவறாமல் நோட்ஸ் பிரதி எடுத்து அனுப்பியவள். அது சுமித்திராவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அவளாவது திமிர் பிடித்தவளாக இருந்திருக்கலாம்.

ரீச்சரும் மகளும் அன்றிரவு கிளிநொச்சியில் ஒரு உறவினர் வீட்டில் தங்கி, திங்கள் ஒன்பது மணிக்கு விதானையாரின் கந்தோருக்கு வருவதாக ஏற்பாடு. போகும்போது ரீச்சர் அமராவதியின் கையைப் பிடித்தார். "உங்கட உதவியை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன்."

அமராவதி ஆடுகளைக் கட்டி, முகம் கழுவி, விளக்கேற்றும்வரை சுமித்திரா பொறுத்தாள். பிறகு குசினி வாசலில் நின்று சொன்னாள். கஜேந்தினி ஒன்பதாவது, சுதர்சினி இல்லாவிட்டால் எட்டாவது. கதையைச் சுற்றி வளைக்கவில்லை.

அமராவதி அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி கழுவினாள். மூன்றாந்தரமும் கழுவினாள்.

"கஜேந்தினி அம்மா நேத்து எனக்கு முருங்கைக்காய் குடுத்து விட்டா," என்றாள் கடைசியில். "வாங்கி வச்சிக்கிட்டேன்."

"அம்மா, நாளைக்கு நீங்க கையெழுத்துப் போடாதீங்க."

"லேசா சொல்லிட்ட. அந்த மனுசி நம்ம கோப்பையில குடிச்சவங்க, புள்ள. அந்தச் சமையல் வேலையும் அவங்க சொல்லித்தான் நிரந்தரமா வச்சிருக்காங்க. அதவிட, நீ எதப் படிச்சு எட்டாவது வந்த? யாரு நோட்டு அது?"

"அவங்களோடதுதான்."

"அப்புறம்?"

விறாந்தையிலிருந்து பரமேஸ்வரன் ஊன்றுகோலைத் தட்டினார். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"கணக்க முழுசாப் பாருங்க," என்றார். "பழைய கடிதம் பொய்யின்னு போய்ச் சொன்னா, ஒரு வீட்டுல ஒரு பொய்க் கடிதம் குடுத்தவங்க ரெண்டாவதும் குடுக்கமாட்டாங்களான்னு விதானையார் கேப்பாரு. நம்ம புள்ள கடிதமும் நின்னு போயிரும். வெள்ளிக்கிழமைக்குள்ள வரலைன்னா இவ படிப்பும் போச்சு. அதுக்கு ஒத்துக்கிட்டுத்தான் பேசுறியா, சுமித்திரா?"

சுமித்திரா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். மூன்று வருடமாக ஒரு பொறுப்பும் இல்லாமல் குற்றவுணர்வை மட்டும் தூக்கித் திரிந்தவளுக்கு, அதற்கு ஒரு விலை உண்டு என்று அப்போதுதான் யாரோ சொன்னதுபோல் இருந்தது.

"ஆமாப்பா. அம்மா, உங்ககிட்ட இன்னொண்ணு சொல்லணும்," என்றாள். "கெமிஸ்ரி நோட்ஸ கஜேந்தினி கேட்டா. நான் குடுக்கல. மாமா குடுத்த புத்தகமுன்னு பொய் சொன்னேன். டீச்சர் சொன்னதுக்காக மட்டுமில்ல. அவ என்ன முந்திருவான்னும்தான்."

அமராவதி அரிசியை உலையில் போட்டு மூடினாள். மகளின் பக்கம் திரும்பிக் கையை முந்தானையில் துடைத்தாள். அவள் அழுகிற பெண் இல்லை. அறைவாள் என்று சுமித்திரா எதிர்பார்த்தாள். அதுவும் நடக்கவில்லை.

"கையெழுத்து நான் போட்டது," என்றாள். "நானே போறேன். நோட்டு நீ ஒளிச்சது. நீ போ."

"விதானையார்கிட்ட நானும் வர்றேன்."

"வேணாம். என் பின்னால நின்னுக்கிட்டு நல்ல புள்ள ஆகலாமுன்னு பாக்காத. எட்டரைக்கு நான் விதானையார்கிட்ட, நீ கஜேந்தினிகிட்ட."

சாப்பிடும்போது பரமேஸ்வரன், முருங்கைக்காய்க் கறி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்று உணர்ந்து தண்ணீர் குடித்தார்.

திங்கள் காலை அமராவதி பள்ளிக்கூடத்துக்குப் போகும் சேலையை உடுத்து, காணி அனுமதிப்பத்திரத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு, எட்டு மணிக்கே நடந்து புறப்பட்டாள். ரீச்சர் ஒன்பதுக்கு வருவார். ரீச்சரின் முகத்தைப் பார்த்த பிறகு வாய் வராது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால் முந்தியே போனாள். விதானையார் கதவைத் திறந்ததும், இருக்கச் சொல்லுமுன்பே சொன்னாள்: "ஐயா, சுதர்சினிங்கிற புள்ள என் வீட்டுல இருந்ததே இல்லீங்க. மூணு வருசத்துக்கு முன்ன நான் போட்ட கையெழுத்துப் பொய்." விதானையார் அவளை வாக்குமூலம் எழுதச் சொன்னார். எழுதினாள். சுதர்சினிக்குக் கடிதம் கிடையாது என்றார். அவளுடைய சொந்த மகளின் கடிதத்தை, புதன்கிழமை வீட்டுக்கு நேரில் வந்து பார்த்த பிறகுதான் தருவதா இல்லையா என்று சொல்வேன் என்றார். அமராவதி சரி என்று தலையாட்டினாள். பிறகு வாசலுக்கு வந்து, வெயிலில், ரீச்சரின் முச்சக்கரவண்டிக்காகக் காத்து நின்றாள். சொல்லாமல் ஓடிவிட அவளுக்கு மனம் வரவில்லை.

சுமித்திரா சைக்கிளின் பின்னால் இரசாயன நோட்ஸ் கட்டு ஒன்றை வைத்துக் கட்டிக்கொண்டு மூன்று காணி தாண்டிப் போனாள். கஜேந்தினி முற்றத்தில் கச்சானைக் காலால் கிளறிப் பரப்பிக்கொண்டிருந்தாள்.

"என்னடி விடியவே? விதானையாரிட்டப் போகேல்லையோ?"

சுமித்திரா கட்டை அவிழ்த்து நீட்டினாள். கஜேந்தினி கையைப் பாவாடையில் தட்டிவிட்டு வாங்கினாள். முதல் தாளைப் பார்த்தாள். இரண்டாவதைப் பார்த்தாள். பிறகு விரல் வேகமாகத் தாள்களைத் தள்ளியது. ஓரிடத்தில் நின்றது. அந்தக் கேள்வி. கீழே, வேறு யாருடையதோ எழுத்தில், படிபடியாக விடை.

"இது எப்ப வந்தது?"

"பரீட்சைக்கு மூண்டு மாதத்துக்கு முதல்."

"மாமாவின்ர புத்தகம்."

"மாமா ஒருத்தரும் இல்லை. நாலாவது ஆளின்ர நோட்ஸ். அவவின்ர விலாசம் எங்கட வீடுதான். அம்மா இப்ப விதானையாரிட்டச் சொல்லப் போயிட்டா. அவவுக்குக் கடிதம் கிடைக்காது. எனக்கும் கிடைக்குமோ தெரியாது." எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். "நீ கேட்டபோது நான் வேணுமெண்டுதான் தரேல்ல."

கஜேந்தினி தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வேலியோரம் ஒரு ஆடு கச்சானுக்கு வாய் வைத்தது. சாதாரண நாளில் கல்லால் எறிந்திருப்பாள். இன்று அது தின்றது.

"பேருந்தில ரெண்டு வருசம்," என்றாள் கடைசியில். "நான் உனக்குப் புத்தகம் பிடிச்சனான்."

"ஓம்."

"கடையில நீ சிரிச்சனி."

"ஓம்."

மன்னிப்புக் கேட்கச் சுமித்திரா வாயைத் திறந்தாள். கஜேந்தினி கையை உயர்த்தித் தடுத்தாள். கட்டின் தடிப்பைக் கட்டைவிரலால் அளந்து பார்த்தாள்.

"இது ஒரு கட்டு. இன்னும் இருக்கோ?"

"மூண்டு கட்டு இருக்கு."

"எனக்கு இந்தமுறை வருமோ தெரியாது. அந்தக் கடிதம் நிண்டு போனாப்போல இடம் எனக்குத்தான் எண்டு ஆர் சொன்னது? வராட்டில் திரும்பவும் எழுத வேணும்." தாள்களைச் சேர்த்துக் கட்டினாள். "போய் எடுத்துக்கொண்டு வா. ஒண்டும் விடாமல்."

சுமித்திரா சைக்கிளைத் திருப்பினாள். நெல் மூட்டைகளை நகர்த்தினாள். மூன்று கட்டையும் எடுத்தாள். உயிரியலையும், பௌதிகத்தின் மூலப் பிரதியையும், விடைகளோடு இருந்த மாதிரி வினாத்தாள்களையும் எடுத்தாள். ஐந்து மஞ்சள் பைகள் நிறைந்தன. ஒரே தடவையில் கொண்டுபோக முடியவில்லை. இரண்டு நடை போனாள்.

கஜேந்தினி ஒவ்வொரு பையாக வாங்கி, திறந்து பார்த்து, வீட்டு விறாந்தையில் வரிசையாக வைத்தாள். கடைசிப் பையை வைத்ததும் வந்து வேலிப் படலையைச் சாத்திக் கொளுவியைப் போட்டாள்.

சுமித்திரா வீட்டுக்குத் திரும்பியபோது அப்பாவின் கட்டு மாற்றும் நேரம் ஒரு மணித்தியாலம் தாண்டியிருந்தது. அம்மா இன்னும் வரவில்லை. அவள் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். உப்புத்தண்ணீரை அடுப்பில் வைத்தாள்.